வைப்பருக்கு அடியில்

“கீழ இறங்கி வந்து பாரு நக்லா! உன் வாயிலேருந்து விழுந்தது அத்தனையும் என் வண்டிக்குள்ள!” ரஃபத் கத்துகிறான். தன் பழைய ஃபியட்டின் வைப்பருக்கு அடியிலுள்ள தகட்டைக் கழற்றி, ஊறிக் கறுத்த சூரியகாந்தி விதைத் தோலை அள்ளி அள்ளி எறிகிறான். தண்ணீர் வடியும் வழியை அது அடைத்துக்கொண்டதால்தான் நேற்று அலெக்சாந்திரியா மழை வண்டிக்குள் ஒழுகியது. அவனுக்கு நிச்சயித்த பெண் நனைந்த உடையோடு மோதிரத்தைக் கழற்றி வீசிவிட்டுப் போனாள். “தினமும் எங்க பால்கனிக்குக் கீழ நிறுத்துறது யாரு, பாஷா துரை? ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்தீங்களா?” நக்லா நிதானமாக இன்னொரு விதையைக் கடிக்கிறாள். தோல் சுழன்று இறங்கி, ஒழுகலை அடைக்க ஒரு பக்கம் அவன் பூசி முடித்திருந்த ஈரப் பசையில் ஒட்டிக்கொள்கிறது. பசைக்குழலை அவன் தரையில் ஓங்கி அடிக்கிறான். எதிர்வீட்டில் நான் என் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறக்கிறேன். மறு வருடம் நக்லாவையே கட்டிக்கொண்டு தன்தா நகரத்துக்குக் குடிபோனான்; பால்கனியே இல்லாத வீடாகத் தேடிப் பிடித்தானாம்.