ஆறாவது கசிவு

“இதையும் ஒழுங்கா அடைக்கத் தெரியலையா மாப்பிள்ளை உங்களுக்கு?”

மாமனார் இப்படிக் கேட்டபோது மாப்பிள்ளை, கல் அறுக்கும் இயந்திரத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். அதன் தொட்டியிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக அவன் நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது. மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் ஆளைத் தோலுரிப்பது மாமனாரின் தனித் திறமை.

‘இதையும்’ என்றால் வேறு எதை என்று அவன் கேட்கவில்லை. ஏழு மாதத்துக்கு முன், “சாதாரணக் காய்ச்சல்தானே, ரெண்டு நாள்ல இறங்கிடும்” என்று சொன்னவன் அவன்தான். மூன்றாம் நாள், அவருடைய மகளை ஆஸ்பத்திரியிலிருந்து துணி போர்த்திக் கொண்டுவந்தார்கள்.

அவளுக்குக் கல் என்றால் பைத்தியம். ஆற்றங்கரையில் பொறுக்கிய உருண்டைக் கல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, “இதுக்குள்ள என்னமோ இருக்குப்பா, அறுத்துப் பார்த்தே ஆகணும்” என்று அப்பாவை நச்சரித்தாள். கடைசல் பட்டறையில் முப்பது வருஷம் கழித்த மனுஷன், பழைய வாஷிங் மெஷின் மோட்டாரையும் பீரோக் கதவின் தகரத்தையும் வைத்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் இந்த இயந்திரத்தைச் செய்ய ஆரம்பித்தார். முடிப்பதற்குள் கேட்டவள் போய்விட்டாள்.

வைரத்தூள் பதித்த வட்ட பிளேடு, தொட்டி எண்ணெயில் நனைந்தபடியே சுழன்றால்தான் கல்லை அறுக்கும். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் கல்லுக்கு முன்னால் பிளேடு போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் தொட்டி ஒழுகியது. அவன் ஒவ்வொரு நாளும் அடைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் எண்ணெய் ஊற்றினால் மறுபடி ஒழுகியது. இன்றோடு ஆறாவது கசிவு.

“ஊர்ல இருக்கிற குழாயெல்லாம் அடைச்சு வெச்சிருக்கீங்க. மாமனார் வீட்டுத் தொட்டின்னா மட்டும் கை வர மாட்டேங்குது.”

மாப்பிள்ளை குழாய் வேலைக்காரன். அதுதான் இதில் பெரிய கேவலம்.

“நேத்துப் போட்ட பசை நல்லா இறுகித்தான் இருக்கு மாமா. தட்டிப் பார்த்தேன்.”

“அப்போ எண்ணெய் எங்கேருந்து வருது? தொட்டி உட்கார்ந்து அழுவுதா?”

அவன் தொட்டியைக் காலி செய்தான். பிசுக்குப் போகத் துடைத்து, அடித்தகரத்தின் வெளிப்பக்கம் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினான். அது காய்ந்ததும் உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றினால், சுண்ணாம்பு எங்கே நனைந்து கறுக்கிறதோ அங்கேதான் கசிவு.

காய்வதற்குள் மாமனார் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தார். டீயில் சர்க்கரை சரியாக இருந்தது, பேச்சில்தான் இல்லை.

“வெள்ளிக்கிழமைதானே ஃப்ளைட்டு?”

“ஆமா மாமா.”

“ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு.”

“மூணாவது தடவை தள்ளினா வேலை கிடையாதுன்னு ஏஜெண்ட் சொல்லிட்டான்.”

“அஞ்சு வருஷ வேலை. கடல் தாண்டிப் போய் அடைக்கிற குழாயாவது ஒழுகாம இருக்கட்டும்.”

அவன் டீயைக் குடித்தான். இன்றைக்குப் புதன். இன்று அடைத்தது நின்றால், நாளை கல்லை அறுத்து, அவள் பார்க்க ஆசைப்பட்டதை அவளுக்குப் பதிலாக ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பலாம். நிற்காவிட்டால் கல்லை விட வேண்டும், இல்லை வேலையை விட வேண்டும்.

தொட்டியில் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு மறுபடி அடியில் போய்ப் படுத்தான். வெள்ளைச் சுண்ணாம்பில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி எழும்பியது. இதுவரை ஒழுகியதெல்லாம் தகரமும் தகரமும் சேரும் மூலைகளில். இது நட்ட நடுவில்.

கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். தகரத்தில் புதிதாகத் துளை போட்டால் நிற்கும் பிசிறு ஒன்று சுருக்கென்று குத்தியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான்.

“என்ன மாப்பிள்ளை, தூங்கிட்டீங்களா?”

“இல்ல மாமா.”

எழுந்து, மண்ணெண்ணெயை வடித்துவிட்டு, பிசிறை அரத்தால் ராவி, சின்னத் தகரத் துண்டு ஒன்றை வெட்டிப் பசை தடவி அழுத்தினான். இத்தனை நாளில் இவ்வளவு நிதானமாக அவன் வேலை செய்ததில்லை. மாமனார் பக்கத்திலேயே நின்று பார்த்தார். அதிசயமாக ஒரு குத்தலும் வரவில்லை.

“இதுவும் ஒழுகினா?” என்றார் கடைசியில், சுவரைப் பார்த்தபடி. “நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை.”

மாப்பிள்ளை கையைத் துடைத்தான். ஃபோனை எடுத்து, ஏஜெண்டுக்கு இரண்டு வரி தட்டி அனுப்பினான். கொட்டகை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

“நாளைக்கு ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்க மாமா.”