ஒரே கோப்பு

என் கணவர் அதிபரின் கலாசார ஆலோசகர். வெளிநாட்டு விருந்துகளில் அதிபர் பேசியதெல்லாம் இவர் எழுதிக் கொடுத்தது. வீட்டில் என்னிடம் பேசியதோ "காபி", "கதவைச் சாத்து" அளவில்தான். அவர் போனதும் நாற்பத்தொரு பெட்டிக் காகிதங்களை ஆவணக் காப்பகத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஆறு வருடம் கழித்து அவர் கையெழுத்து எப்படியிருக்கும் என்பதே மறந்துபோனது. பார்க்கப் போனேன்.

ஊழியர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். ஒரே விருந்துப் பேச்சுக்குப் பதினேழு வரைவுகள். 'உங்கள் ஊரில் மழை என்றால் நாங்கள் இங்கே ஜன்னலைத் திறக்கிறோம்' என்ற வரியைத் திரும்பத் திரும்ப அடித்து எழுதியிருந்தார். ஒரு நாட்டின் மேல்கூடப் பொறாமை வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

அட்டையின் உள்பக்கத்தில், படித்தவர்கள் பெயரெழுதும் சீட்டு. நிரம்பியிருந்த பதினான்கு வரிகளிலும் ஒரே பெயர்: ஹெலன் சுகிர்தா.

"யாருங்க இவங்க?"

"தெரியலம்மா. மாசாமாசம் வருவாங்க. இந்த ஒரு ஃபைலைத்தான் கேப்பாங்க. குறிப்புகூட எடுக்க மாட்டாங்க, சும்மா பாத்துட்டுப் போயிடுவாங்க."

பேனா கூடாதாம்; பென்சில் கொடுத்தார். மிச்சமிருந்த பதினொரு வரிகளிலும் என் பெயரையே எழுதினேன், இனி யாருக்கும் இடமில்லாதபடி.

ஊழியர் இழுப்பறையிலிருந்து புதுச் சீட்டு ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டினார்.

"இன்னிக்கு அவங்க வர்ற நாள்தாம்மா."

நான் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.