முழங்கால் விசாரணை

அன்று அதிபரின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் அதிபர் இராசையா. எதிர்க் கதிரையில் பாலையூற்று இக்னேசியஸ். சுவரோடு ஒட்டி நின்றது அவருடைய மகள், இரண்டு மாதத்துக்கு முன் அங்கே வேலைக்கு வந்த மக்டலின் ரீச்சர். கதவடியில் துறைமுகத் தொழிலாளி அலியாரும், ஏழாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் அசனாவும். ஆறாவது ஆள் கிடையாது. ஜன்னலால் எட்டிப் பார்த்தோம் என்று பிறகு சொன்னவர்களை நம்ப வேண்டியதில்லை.

இக்னேசியஸின் கண் அசனாவின் முழங்கால்களில் போய் நின்றது. இரண்டும் கறுத்துக் காய்ப்பேறிக் கிடந்தன. தெருவில் விழுந்து புரளும் சண்டைக்காரி என்று அவர் மனம் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டது.

நடந்தது இதுதான். போன செவ்வாய்க்கிழமை மக்டலின் தன் சொந்த வகுப்பில், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால், அரை மணி நேரம் முழங்காலில் நின்றாள். பிள்ளைகள் மிரட்டி நிற்க வைத்தார்கள், முன்னுக்கு நின்றவள் அசனா என்று கதை. அன்று மக்டலின் வீடு திரும்ப முன்பே அந்தக் கதை அவர்கள் ஊரான பாலையூற்றுக்கு வந்து சேர்ந்துவிட்டது. தகப்பன் கேட்டபோது, அப்படி ஒன்றும் இல்லை என்பதற்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை. பயந்துபோயிருக்கிறாள் என்று அவர் முடிவு செய்தார்.

இப்போது வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல், அதிபரின் மேசையில் வைத்த மனுவில் எழுதியிருந்ததை வாயாலும் சொன்னார். அவர் குடும்பத்தில் பலிபீடத்துக்கு முன்னால் அல்லாமல் எவரும் எங்கும் முழங்காலிட்டதில்லை. அந்தக் குடும்பத்திலிருந்து வேலைக்குப் போன முதல் பெண் மக்டலின். அதுவும் கண்டபடி அல்ல. துறையடியிலிருந்து மீன் கூடைகளோடு வரும் முதல் பஸ்ஸில் அவளை அவர் ஒருநாளும் ஏறவிட்டதில்லை. அடுத்து வரும் துப்புரவான பஸ்ஸுக்கு, அது சில நாள் பிந்தினாலும், தானே கூட நின்று ஏற்றிவிடுகிறார். அப்படி வளர்த்த பிள்ளைக்கு இந்தத் தலைகுனிவா?

இராசையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வருடம் மட்டும் மூன்று ஆசிரியர்கள் அந்த வகுப்பை விட்டுப் போயிருந்தார்கள். வாங்கு போதாமல் பாதிப் பிள்ளைகள் நிலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இவளும் போனால் இன்னொருவர் வரப்போவதில்லை.

"என்ன செய்ய வேணும் எண்டு சொல்லுறீங்கள், ஐயா?"

"மற்றப் பிள்ளையள் எப்பிடியும் போகட்டும். இவவின்ரை பேரை இடாப்பிலை வெட்டுங்கோ."

அலியார் கப்பலில் மா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது பாதியில் வந்தவர். மாத்தூளில் புருவம்கூட வெளுத்திருந்தது. "ஐயா, பேர மட்டும் வெட்ட வேணாம்," என்றார். "எங்கட வீட்டுல எழுத்துத் தெரிஞ்சது இவ ஒராள்தான்."

அதிபர் சிறுமியின் பக்கம் திரும்பினார். "நீ என்ன செய்தனீ?"

"கொஞ்சம் தள்ளி இடம் விட்டனான், சேர்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. அப்போதுதான் மக்டலின் சுவரை விட்டு முன்னால் வந்தாள்.

சட்டம் போட்டவளே அவள்தான். மணி அடித்தபின் வருகிறவர், யாராயிருந்தாலும், கதவடியில் முழங்காலில் நிற்க வேண்டும். இரண்டு மாதமாக அநேகமாய் ஒவ்வொரு நாளும் நின்றது அசனா. ஏன் பிந்துகிறாய் என்று ரீச்சர் கேட்கவில்லை. அசனாவும் சொல்லவில்லை.

பிறகு ரீச்சரும் பிந்தினாள். முதல் இரண்டு தரமும் நேரே மேசைக்குப் போய்விட்டாள், வகுப்பு மூச்சுக் காட்டவில்லை. மூன்றாம் தரம் அந்தச் செவ்வாய்க்கிழமை. கதவடியில் நின்ற அசனா அவளை நிமிர்ந்து பார்க்கவுமில்லை. முழங்காலாலேயே சுவர்ப்பக்கம் நகர்ந்து, ஓராள் அளவுக்கு இடம் விட்டாள்.

"அந்த இடத்திலை போய் நிண்டனான்," என்றாள் மக்டலின். "ஒரு காலிலை பாரத்தைக் குடுத்து மற்றதை ஆத்துங்கோ ரீச்சர், நோகாது எண்டு எனக்குச் சொல்லித் தந்தா. அதுக்குப் பிறகுதான், ஏன் நெடுகப் பிந்திறாய் எண்டு கேக்க எனக்கு வாய் வந்தது."

பேக்கரிப் பாணுக்குத் தட்டுப்பாடான வருடம் அது. விடிய முன்னமே கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் போய் நிற்பது அசனாவின் வேலை. பாணோடு அவள் வீடு திரும்பினால்தான் தம்பிமார் இருவருக்கும் சாப்பாடு. அதன் பிறகுதான் அவளுக்குப் பள்ளிக்கூடம்.

"அந்தச் சட்டத்தை அண்டைக்கே எடுத்திட்டன், சேர்."

இக்னேசியஸ் அந்த முழங்கால்களை இன்னொரு தரம் பார்த்தார். ஆனாலும் மனுவின் மேலிருந்த விரலை எடுக்கவில்லை. காரணமானவர் ஒருவர் இருக்கத்தான் வேண்டும், அவர் பேர் தெரியாமல் எழும்புவதில்லை என்றிருந்தார்.

"சரி. அந்தப் பிள்ளைக்குப் பாண் வரிசை. உனக்கென்ன? உன்னைப் பிந்த வச்சது ஆர்?"

மக்டலின் நிலத்தைப் பார்த்தாள்.

"நான் ரெண்டாவது பஸ், அப்பா."

வெளியே எங்கோ ஒரு வகுப்பு வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. இக்னேசியஸ் மனுவை எடுத்தார். நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். அலியாரைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று தலையை அசைத்துவிட்டு வெளியேறினார்.

அடுத்த வாரம் கழிந்து வந்த ஞாயிறு, பூசை முடிந்ததும், கோயில் வாசலில் ஊர்க்காரர் டொமினிக் அவருக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "மகளை வேலையாலை மறிச்சுப் போட்டீங்களாம். கிழமை முழுக்க ரெண்டாவது பஸ்ஸிலை அவவைக் காணேல்லையெண்டு எல்லாரும் கதைக்கினம்."

இக்னேசியஸ் கோட்டின் பொத்தானைப் பூட்டினார். முதுகு கொஞ்சமும் வளையவில்லை.

"பிழையான கதை. அவ மீன் பஸ்ஸிலை போறா."