மூன்று மாதத்துக்குள் எடுத்தது

"ரெண்டு பிறப்புச் சான்றிதழும் செல்லாது. எடுத்து நாலு மாசம் ஆச்சு. மூணு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்."

நகராட்சி எழுத்தர் மயேல், உறைமேல் இருந்த தேதியைப் பார்த்ததுமே, பிரித்துக்கூடப் பார்க்காமல் உறைகளைத் திருப்பித் தள்ளினாள்.

"நான் பொறந்தே எழுபது வருஷம் ஆச்சும்மா. நாலு மாசத்துல புதுசா என்ன மாறியிருக்கும்?" என்றாள் ஒதீல் பிராதியே.

"வாய்தான் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கு," என்றார் பக்கத்தில் நின்ற கஸ்தோன்.

"நீ பேசாதே! தேதியைப் பாருன்னு உங்கிட்டத்தானே சொன்னேன்?"

சிரிப்பை அடக்க மயேல் பாடுபட்டாள். இந்த வயதில் 'பாக்ஸ்' பதிய வருபவர்கள் அபூர்வம். கல்யாணம் செய்துகொள்ளாமலே இருவர் சட்டப்படி சேர்ந்து வாழும் ஒப்பந்தம் அது.

"அவசரம் என்ன? அடுத்த வாரம் வாங்களேன்."

கஸ்தோனின் முகம் வாடியது. "வியாழக்கிழமை எனக்கு இதய ஆபரேஷன்மா. எழுந்து வருவேனோ என்னமோ. வீட்டை இவ பேருக்கு உயில் எழுதிட்டேன். ஆனா பாக்ஸ் இல்லைன்னா பாதிக்கு மேல வரியாப் போயிடும். வீட்டை வித்துட்டு இவ தெருவுலதான் நிக்கணும்."

"உன் ஓட்டை வீடு யாருக்கு வேணும்? நீ எழுந்து வா, அது போதும்," என்றாள் ஒதீல்.

மயேலுக்கு மனம் கேட்கவில்லை. "இன்னைக்கே போய்ப் புதுசா வாங்கிட்டு வாங்க. நாலேமுக்காலுக்கு உங்களுக்கு நேரம் ஒதுக்குறேன்."

இருவரும் பிறந்த பிரியூத் நகரம் முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே அலுவலகம் பன்னிரண்டுக்கு மூடினால் இரண்டுக்குத்தான் திறக்கும். காரிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று, காத்திருந்த நேரம் முழுக்கச் சண்டை போட்டுவிட்டு, நாலரைக்கே வந்து நின்றார்கள்.

மயேல் படிவத்தை எடுத்தாள். "ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?"

"ஆறு வருஷமா."

"நெருங்கின சொந்தக்காரங்க இல்லையே?"

கஸ்தோனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது," என்றாள் ஒதீல்.

"தப்பா நினைக்காதீங்க. நேரா கல்யாணமே பண்ணிக்கலாமே?"

"ஐயோ, வேணவே வேணாம்! ஒரு தடவை பண்ணிக்கிட்டுப் பட்டது போதும். அந்த மனுஷன் குறட்டை விட்டா ஜன்னல் கண்ணாடி ஆடும். எங்கம்மா வந்தா தோட்டத்துல போய் ஒளிஞ்சுக்குவான்."

"எனக்கு வாய்ச்சவ மட்டும் என்னவாம்? கோபம் வந்தா தட்டு பறக்கும். கடைசியில வீட்டுல ரெண்டே ரெண்டு தட்டுதான் மிச்சம்."

பாவம், இருவருக்கும் முதல் கல்யாணம் சரியாக அமையவில்லை. இப்போதாவது நல்ல துணை கிடைத்ததே என்று மயேலுக்குச் சந்தோஷமாக இருந்தது. கஸ்தோனின் சான்றிதழைப் பிரித்தாள். கல்யாணம், விவாகரத்து எல்லாம் அதன் ஓரத்தில் பதிவாகியிருக்கும். புதிதாகக் கேட்பதே அதற்குத்தான்.

விவாகரத்துப் பதிவைத் தேடியவளின் முகம் மாறியது. "ஐயா, கல்யாணம் ஆனது இருக்கு. விவாகரத்து இல்லையே?"

"எப்படி இல்லாமப் போகும்? எண்பத்து நாலுல ஜட்ஜ் முன்னாடி போய் நின்னேனே!"

"அப்பல்லாம் மூணு மாசம் யோசிச்சுட்டு, ரெண்டு பேரும் மறுபடி வரணும்னு சொல்வாங்க. போனீங்களா?"

கஸ்தோன் தலையைச் சொறிந்தார். "அந்த மூஞ்சியில மறுபடி முழிக்க வேணாம்னு இருந்துட்டேன். மிச்சத்தை வக்கீல் பாத்துக்குவார்னு நினைச்சேன்."

"அப்போ அந்த மனு தானாவே ரத்தாகியிருக்கும். உங்களுக்கு இன்னும் மனைவி இருக்காங்க. பாக்ஸ் பதிய முடியாது."

ஒதீல் வெடிக்கப் போகிறாள் என்று பயந்து, மயேல் அவசரமாக அவளுடைய சான்றிதழைப் பிரித்தாள். அதிலும் அதே கதை. கல்யாணம் உண்டு, விவாகரத்து இல்லை.

ஒதீல் வெடிக்கவில்லை. மெல்லக் கேட்டாள். "இவருக்கு ஏதாவது ஆனா, வீடு?"

"சட்டப்படி மனைவிக்கு உரிமை இருக்கு. அவங்களுக்கு வரியும் கிடையாது."

கஸ்தோன் வாய்விட்டுச் சிரித்தார். மயேலுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"இதுல சிரிக்க என்ன ஐயா இருக்கு? இவங்க கதி என்ன ஆகறது? முதல்ல உங்க மனைவி யாரு, எங்க இருக்காங்கன்னு பாக்கணும்," என்று சான்றிதழின் ஓரத்தில் விரலை ஓட்டினாள்.

'1978, ஒதீல் பிராதியேவுடன் திருமணம்' என்றிருந்தது.

"நாப்பது வருஷமா முன்னாள் புருஷன்னு நினைச்சு இந்த ஆளைத் திட்டிட்டிருந்தேன்," என்று ஒதீல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், "கடைசியில பாத்தா, கட்டின புருஷனையேதான் திட்டியிருக்கேன்!"