இலையில் வைத்த பதினோரு விதை

அந்தக் காட்டுக்கே சோறு போட்ட பார்லி, துருநோய் வந்து இரண்டு வருஷமாகச் சருகாகிக்கொண்டிருந்தது. நோய் தாங்கும் ரகம் ஏதாவது இருக்காதா என்று, மேட்டில் குருவி, ஆற்றோரம் நண்டு, கரிசலில் எலி என மூன்று பேரை விதைக்கச் சொல்லிவிட்டு, மூன்று இடத்துக்கும் ஓடி ஓடியே அணிலுக்கு வால் மெலிந்துபோனது. கடைசியில் குருவியின் மேட்டில் ஒரே ஒரு கதிர் தப்பி நின்றது. அதில் பதினோரு விதை.

இனி அதைப் பெருக்க வேண்டும். அதுவரை பயிருக்குக் காவல் இருக்கிற குடும்பங்கள் பசியாற வேண்டும். பொதுக் களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லிப் பெருச்சாளித் தலைவரைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

சபையில் பேசும்போது விதை கையிலிருந்து சிதறிவிடுமோ என்று பயந்து, அணில் அதைத் தலைவர் முன்னால் விரித்திருந்த இலையில் வைத்தது. வருகிறவர்கள் தலைவர் கொறிப்பதற்காக ஏதாவது வைக்கிற இலை அது என்பது பதற்றத்தில் மறந்தேபோனது.

"தலைவரே, முப்பது குடும்பம் பட்டினி கிடக்குது..." என்று தொடங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தது.

கண்ணைத் திறந்தபோது தலைவர் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்மா! களஞ்சியத்தைத் திறக்கச் சொல்றேன். ஆனா ஒரு நிபந்தனை. வேற விதை எதுவும் கூடாது. இதே விதையைத்தான் போடணும்."

சபையே கைதட்டியது. அணில் இலையைத் திருப்பிப் பார்த்தது.