எல்தோஸின் கோடு

"ஒரு மணி நேரம் என்ன பண்ணிட்டிருந்த தோலெகென்?"

ரவ்ஷான் ஆய்வகக் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்துக் கேட்டாள். வெள்ளிக்கிழமையன்று ஃப்ரீசர் இருந்த நிலை அங்கே சிவப்புக் கோடாக ஓடியது. மூன்று மணி ஐந்து நிமிடம் வரை மைனஸ் இருபதில் படுத்துக் கிடந்த கோடு, உள்ளே பனியுருக்கும் ஹீட்டர் கோளாறாகித் தானே ஓடத் தொடங்கியதும் விறுவிறுவென்று ஏறி, நாலு மணிக்குள் பூஜ்யத்தைத் தாண்டியிருந்தது. நாலுக்குத்தான் யாரோ ஸ்விட்சை அணைத்திருக்கிறார்கள்.

"மூணு மணிலேருந்து உன் டூட்டி."

"நான் உள்ள வந்தப்பவே எல்லாம் தண்ணியாக் கிடந்துச்சுக்கா."

"ஒரு கெட்டில் டீயைக் குடிச்சுட்டு அப்படியே சாஞ்சிருப்பாரு," என்றாள் பக்கத்து மேஜை மெரெகே. "கனவுல ஃப்ரீசர் நல்லாத்தான் ஓடியிருக்கும்."

தோலெகென் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உருகிப் போனது சாதாரணப் பனிக்கட்டி இல்லை. அல்மாத்திக்கு மேலே, ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டிருக்கும் பனிமலையில், ரவ்ஷானின் மகன் எல்தோஸ் ஆராய்ச்சிக்கென்று துளை போட்டு எடுத்து வந்தது. அதைத் தோளில் சுமந்து இறக்கியவன் இதே தோலெகென்தான். ஃப்ரீசருக்குள் சென்சாரை வைத்து, அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, நொடிக்கு நொடி கோடு வரையும் புரோகிராமை எழுதியதும் எல்தோஸ்தான். அடுத்து அலாரத்தை இணைக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஜனவரியில் பனிச்சரிவு அவனைக் கொண்டுபோய்விட்டது.

பிள்ளை போனபின் ரவ்ஷானுக்கு மிஞ்சியது இந்தப் பனிக்கட்டியும் இந்தக் கோடும்தான். ஃப்ரீசர் கெட்ட அன்றைக்கு மூன்று மணி வரை அவளுடைய டூட்டி. ஒன்றரைக்கே, இறந்தவர் பேரைச் சொல்லிச் சுடும் ஏழு ஷெல்பெக் ரொட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு மகனின் கல்லறைக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் போவாள். எல்தோஸின் கோடு பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம்.

"நீ வந்தப்பவே தண்ணியா இருந்துச்சுன்னா, இந்தக் கோடு பொய்யா?" அவள் திரையைத் தட்டினாள். "என் பையன் பொய் சொல்றானா?"

தோலெகென் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"இல்லக்கா. கோடு சரிதான். நான்தான் தூங்கிட்டேன்."

"கூட மலையேறினவன் நீ. உனக்கே மனசு வந்துச்சா?"

அவன் தொப்பியைத் திருகினான்.

"நாளைலேருந்து வராத. என் கண்ணுலயே படாத."

டூட்டி நோட்டை இழுத்து ஏதோ எழுதிவிட்டு, சாவியை அதன்மேல் வைத்தான். வாசல்வரை போனவன் நின்றான்.

"அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்கு ரொட்டி சுடறப்ப, என் பேரைச் சொல்லியும் ஒண்ணு வைங்கக்கா."

"வாய் வேற," என்றாள் மெரெகே, கதவு சாத்தியதும். சற்று நேரத்தில் அவளும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ரவ்ஷான் திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். காலி ஃப்ரீசரின் கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. இப்போதைய நேரம் என்று கோட்டின் நுனியில் இருந்த எண் ஐந்து நாற்பது என்றது.

அதற்குள்ளா என்று எழுந்தவள் சுவரைப் பார்த்தாள். கடிகாரத்தில் நாலு நாற்பது. கைபேசியிலும் நாலு நாற்பது.

மறுபடி உட்கார்ந்தாள். மார்ச் முதல் தேதி நாடு முழுக்க ஒரே நேரம் என்று அறிவித்து, அல்மாத்தியில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். ஸ்டூல் போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைத் திருப்பியது தோலெகென். எல்தோஸின் புரோகிராமில் நேரத்தைத் திருப்பத்தான் எல்தோஸ் இல்லை. அது இன்னும் அவன் உயிரோடிருந்த நாளின் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது.

அப்படியானால் ஃப்ரீசர் கெட்டது மூன்று ஐந்துக்கு இல்லை. இரண்டு ஐந்துக்கு.

இரண்டு ஐந்துக்கு இந்த நாற்காலியில் யாரும் இல்லை.

'பாவம், நேரம் மாறிக் கிடப்பது அவனுக்கும் தெரிந்திருக்காது' என்று நினைத்தபடி டூட்டி நோட்டைப் புரட்டினாள். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், "கண் அசந்துவிட்டேன். தவறு என்னுடையது" என்று தோலெகென் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். அதற்கு மேலே இரண்டு வரி, பேனாவால் அழுத்தி அழுத்தி அடிக்கப்பட்டிருந்தது. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்ததும் எழுத்து தெரிந்தது.

"மூன்று மணிக்கு வந்தேன். உருகிவிட்டது. கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. அக்கா எல்தோஸிடம் போயிருக்கிறார்கள்."