பிழைப் பக்கத்தில் என் எண்

இணையதளம் கட்டுவதற்கு நான் ஒரு ஃப்ரேம்வொர்க், அதாவது அடிப்படை நிரல், எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக விட்டிருந்தேன். தளம் முடங்கினால் தோன்றும் பக்கத்தில் என் கைப்பேசி எண் இருக்கும். சோதனைக்காகப் போட்டது. எடுக்கிறவன் மாற்றிக்கொள்வான் என்று நினைத்தேன். ஒருவனும் மாற்றவில்லை. எங்கே எந்தத் தளம் படுத்தாலும் திட்டு எனக்குத்தான்.

இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த என்னை மதியம் எழுப்பியவள் பெயர் பூங்கோதை. நர்சிங் கல்லூரி விண்ணப்பம் மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

“காலையிலேர்ந்து அழுத்துறேன், உங்க நம்பர்தான் வருது. சம்பளம் வாங்கிட்டுத் தூங்குறீங்களா?”

“நான் அந்த காலேஜ் ஆளே இல்லம்மா.”

“அப்ப நம்பர் எதுக்கு, அழகுக்கா?”

கல்லூரியின் கணினிப் பிரிவுக்கு அழைத்தேன். நீங்கள் வைத்திருப்பது பழைய பதிப்பு, புதியதை எப்போதோ கொடுத்துவிட்டேன், மாற்றினால் உடனே ஓடும் என்றேன்.

“நீ என்னப்பா படிச்சிருக்க?” என்றான் போனை எடுத்தவன்.

“பாதியில விட்டுட்டேன்.”

“அதான பாத்தேன். திங்கக்கெழம லெட்டர் எழுதிக் குடு.” சிரித்துக்கொண்டே வைத்தான்.

பழைய பதிப்பில் ஓர் ஓட்டையும் உண்டு. தளம் படுத்திருந்தாலும் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே நுழைந்து, விண்ணப்பத்தைக் கல்லூரியின் பதிவில் நேராக எழுதிவிடலாம். பிடித்தால் ஜெயில். ஐந்து மணி நெருங்கும்போது பூங்கோதை மறுபடி அழைத்தாள். இந்த முறை திட்டவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“அழுறத நிறுத்து!” என்று கத்தினேன். “பேர இனிஷியலோட சொல்லு. அப்புறம் பன்னெண்டாவது மார்க்கு.”